கதவுக்குப் பின்னால் ஒரு மனிதன்

"கதையிலே பொய் சொல்லுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார்கள். அத்தையிடம் எதற்காகச் சொல்கிறீர்கள்?" என்று என் மனைவி ஒரு நாள் இரவு கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. கேள்வி நியாயமானது. இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறேன். நடக்காததை நடந்ததாகச் சொல்வதே என் தொழில். தொழிலில் கூசாத நாக்கு வீட்டுக்குள் வந்ததும் ஏன் கூசுகிறது? கூசினாலும் ஏன் சொல்லிவிடுகிறது?

இதை ஆற அமர யோசிக்கும்படி என்னைச் செய்தது வேதாந்தப் புத்தகம் எதுவும் அல்ல. அறுபது வருஷத்துக்கு முந்திய ஓர் அமெரிக்க டெலிவிஷன் தொடர். வாசகர்கள் சிரிக்க வேண்டாம். ராக்கெட்டும் ரப்பர் காதும் வருகிற கதையில் தர்ம விசாரத்துக்கு ஏது இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அத்தை என் அப்பாவின் அக்காள். காரைக்காலில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்போம். பிரெஞ்சுச் சொல்தான், எங்கள் நாக்கில் புழங்கிப் புழங்கித் தமிழாகிவிட்டது. மாமா இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் துப்பாக்கி தூக்கியவர். 1954 நவம்பர் முதல் தேதி காரைக்காலில் கொடி மாறியபோது அவர் ஊரில் இல்லை. 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் முழுதாக அமலுக்கு வந்து, எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று தேர்ந்துகொள்ள ஆறு மாதம் தவணை கொடுத்தபோது, மாமா பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். வேஷ்டி கட்டிக்கொண்டு, அரசலாற்றில் குளித்துவிட்டு, ஜூலை 14 வந்தால் மெடல்களைத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொள்கிற பிரெஞ்சுக்காரர்.

அந்தப் பென்ஷனில்தான் எங்கள் தெருவுக்கு முதல் டெலிவிஷன் வந்தது. கறுப்பு வெள்ளை டயனோரா. மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்கு ஒரு குழாயை நட்டு, உச்சியில் ஆண்டெனா கட்டியிருந்தார் மாமா. எங்கள் கரையில் அந்நாளில் இலங்கை ரூபவாகினி கண்ணாடி போல் விழும். நடுவில் இருப்பது கடல்தானே, மலையா மரமா? தூர்தர்ஷன்தான் மழையில் நனைந்துகொண்டு வரும். எண்பதுகளின் நடுவில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், அந்த மழைக்குள்ளே 'ஸ்டார் டிரெக்' வந்தது.

அது இங்கிலீஷ் பேசிற்று. மாமாவுக்குப் பிரெஞ்சு தெரியும், இங்கிலீஷ் தெரியாது. அத்தானுக்குப் பதினொரு வயசு, எனக்கு ஏழு. எங்களுக்கு இரண்டும் தெரியாது. ஆனால் மாமா ஒரு நாளும் தெரியாது என்று சொன்னதில்லை. சாய்வு நாற்காலியில் படுத்தபடி கடகடவென்று கதை சொல்லிக்கொண்டே போவார். கப்பலின் தலைவனுக்குக் 'கப்பித்தேன்' என்று பெயர். காது கூர்ந்த ஸ்பாக் வந்தால், "பார்த்தியாடா காதை? நேரே திருநள்ளாத்திலேருந்து வர்றான். இவன் ஏறின கப்பலுக்கு ஏழரை வருஷம் கஷ்டந்தான்" என்பார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். இதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருகிற கதை என்றே நம்பினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பெட்டி போன்ற ஒரு நாற்காலியில் ஒரு மனிதன் வந்தான். முகமெல்லாம் வெந்து வடுவாகியிருந்தது. கையும் அசையவில்லை, வாயும் அசையவில்லை. நாற்காலியில் ஒரு விளக்கு மாத்திரம் மின்னிற்று. வழக்கத்துக்கு மாறாக மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்ணுமில்லேடா, காப்பி கேக்கறான். ஒருத்தரும் கொண்டாந்து தர மாட்டேங்கறாங்க" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரித்தாரா என்று ஞாபகமில்லை.

அத்தான் பதினெட்டு வயசில், 1992-இல், பிரான்ஸுக்குப் போய்விட்டார். மாமா 1998-இல் காலமானார். அத்தை தனியாக இருந்து பார்த்து, மறதி வர ஆரம்பித்ததும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். 2022-ஆம் வருஷக் குளிர்காலத்தில் பாரிஸுக்குப் பக்கத்தில் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். நாங்கள் அவருடைய சடங்கை டெலிபோன் திரையில் பார்த்தோம்.

ஆறு மாதம் கழித்து அத்தானின் மனைவி ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். இரண்டு சட்டை, ஒரு கைக்கடிகாரம், 'ஸ்டார் டிரெக்' முழுத் தொடரும் அடங்கிய ப்ளூ-ரே பெட்டி. அது ஐரோப்பாவுக்கென்று போட்ட தட்டு, இங்குள்ள கருவியில் ஓடாது என்று அத்தானுடைய கருவியையும் சேர்த்தே அனுப்பிவிட்டாள். பெட்டியின் உள் அட்டையில், ஸ்பாக்கின் படத்துக்குக் கீழே, பேனாவால் தமிழில் 'திருநள்ளாறு' என்று எழுதியிருந்தது. அத்தான் கையெழுத்து.

அதைப் பார்த்த பிறகு பெட்டியைப் பரணில் போட மனசு வரவில்லை.

தொடர் 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி அமெரிக்காவில் தொடங்கி 1969 ஜூனில் முடிந்துவிட்டது. மொத்தம் 79 பகுதிகள். கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டவன் என்றாலும் கதை புரிகிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் உண்டு. ராத்திரி சாப்பாடானதும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். மாமா சொன்ன கதைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. ஒரு வரிகூட இல்லை.

இந்தத் தட்டுகளில் கதை மட்டும் இருப்பதில்லை. கதை எப்படி எடுக்கப்பட்டது, யார் என்ன சிரமப்பட்டார்கள் என்று கூடுதல் சரக்கும் வைத்திருக்கிறார்கள். இந்தத் தொடரைப் பற்றி எழுதிய புத்தகங்களும் ஏராளம். ஒரு மாதம் அவற்றிலேயே கிடந்தேன். கப்பலில் கதவுகள் தாமாகத் திறந்து மூடுகின்றனவே, அதைக் கண்டு எண்பதுகளில் எங்கள் தெருவே பிரமித்தது. யந்திரம் ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு மனிதன் நின்று இழுக்கிறான். நடிகர் நெருங்கும் சமயம் பார்த்து இழுக்க வேண்டும். அவன் கொஞ்சம் அசந்தால் நடிகர் போய் முட்டிக்கொள்வார். முட்டிக்கொண்ட துண்டுகளையும் யாரோ பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். ஆட்களை மினுமினுப்பாக மறைய வைத்துக் கிரகத்தில் இறக்குகிறார்களே, அந்த மினுமினுப்பு அலுமினியப் பொடி. வாரா வாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டப் பணம் போதாது என்பதால் பிறந்த யோசனை அது. வைத்தியர் கையிலிருக்கும் அதிசயக் கருவி உப்புக் குப்பி. கப்பலின் பெரிய மாதிரி உருவம் பதினோரு அடி நீளம். 1974 முதல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையின் வசம் இருக்கிறது. அதற்கு இடது பக்கம் முடிக்கப்படவில்லை. விளக்குக் கம்பிகளெல்லாம் அந்தப் பக்கமாக வெளியே வருகின்றன. ஆகையால் எப்போதும் வலது பக்கத்திலிருந்துதான் படம் பிடித்தார்கள். எங்கள் அண்டத்தையே சுற்றி வந்த கப்பலுக்கு ஒரு பக்கந்தான் உண்டு என்று நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் தெரிந்த பிறகு ருசி கெட்டுப் போகவில்லையா என்று கேட்பீர்கள். கெடவில்லை. மனோகர் நாடகத்துத் தந்திரக் காட்சிகளைப் பார்த்துவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடிய பையன்கள் யாரும் அதனால் நாடகம் பார்ப்பதை நிறுத்தவில்லை. இன்னும் சொல்லப் போனால், கதவை இழுத்தவனைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தக் கதவின் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

2006-இல் இந்தத் தொடரைச் சுத்தம் செய்தபோது, பழைய கப்பல் காட்சிகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் புதிய கப்பல் வரைந்து சேர்த்தார்கள். பளபளவென்றிருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 2009-இல் ப்ளூ-ரே போட்டவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பழையது வேண்டுமா, புதியது வேண்டுமா என்று கேட்டு, பொத்தானைப் பார்ப்பவன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் 1957-இல் வந்த தெலுங்கு 'மாயாபஜார்' படத்துக்கு 2010-இல் வண்ணம் பூசித் திரையிட்டார்கள். மாயையால் கட்டிய ஊரைப் பற்றிய படத்துக்கு இன்னொரு பூச்சு மாயை! பூசியதில் தவறில்லை. பூசாததும் பக்கத்தில் கிடைக்க வேண்டும், அவ்வளவே. அந்தப் பொத்தான்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிற்பாடு அதைப் பற்றிச் சொல்கிறேன்.

வெந்த முகத்துக்காரன் வருகிற கதையைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தக் கதைக்கே ஒரு கதை உண்டு. தொடரை உண்டாக்கிய ஜீன் ராடன்பரி 1964-ஆம் வருஷக் கடைசியில் ஒரு மாதிரிப் படம் எடுத்தார். 'கூண்டு' என்று பெயர். அதில் கப்பித்தேன் வேறு ஆள், பைக் என்பவன். ஜெஃப்ரி ஹன்டர் என்ற அழகான நடிகர் அந்த வேஷம் போட்டார். டெலிவிஷன் கம்பெனிக்காரர்கள் மூளைக்கு வேலை அதிகம் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். வேறு கப்பித்தேனைப் போட்டு இன்னொரு மாதிரிப் படம் எடுத்த பிறகே தொடர் அரங்கேறிற்று. வாரா வாரம் எடுத்து முடிக்க நேரமும் பணமும் முட்டியபோது, தள்ளுபடியான 'கூண்டை' எடுத்து, முன்னும் பின்னும் புதிதாக ஒட்டி, இரண்டு வாரக் கதையாக்கி 1966 நவம்பரில் ஒளிபரப்பினார்கள். பழைய புடவையில் பாவாடை தைப்பது நம் வீடுகளில் நடக்காததா? இந்தப் பாவாடைக்கு மறு வருஷம் ஹ்யூகோ பரிசே கிடைத்தது. ஆனால் கிழித்த புடவை கிழித்ததுதான். மூலச் சுருளை வெட்டிவிட்டதால் முழுப் படம் ராடன்பரியிடம் கறுப்பு வெள்ளைப் பிரதியாகத்தான் மிஞ்சிற்று. 1986-இல் கேஸட்டாக வந்தபோது பாதி வண்ணம், பாதி கறுப்பு வெள்ளை. வெட்டிப் போட்ட வண்ணத் துண்டுகள் பிறகு எங்கேயோ அகப்பட்டு, 1988-இல்தான் முழு வண்ணத்தில் ஜனங்கள் பார்த்தார்கள்.

கதை இதுதான். டாலோஸ் என்று ஒரு கிரகம். பெருந்தலையும் சிற்றுடலுமாக அங்கே ஒரு கூட்டம். நினைத்த மாத்திரத்தில் பிறர் மனத்தில் எந்தக் காட்சியையும் எழுப்பிவிடுவார்கள். பைக்கைப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறார்கள். வைனா என்ற அழகியைக் காட்டுகிறார்கள். கோட்டை, சொந்த ஊர்த் தோப்பு, நாட்டிய மண்டபம் என்று காட்சிகள் மாறுகின்றன. மண்டபத்தில் வைனா உடம்பெல்லாம் பச்சையாக ஆடுகிறாள். அந்தப் பச்சையைச் சோதனைக்காகப் படம் பிடித்து அனுப்பியபோது, கழுவிப் பிரதி எடுக்கிறவர்கள் ஏதோ கோளாறு என்று எண்ணி ஒவ்வொரு தடவையும் மனித நிறத்துக்குத் திருத்தித் திருத்தி அனுப்பினார்களாம். நல்லெண்ணத்தோடு திருத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். (இந்த ஆட்டத்தை எங்கள் டயனோராவில் பார்த்த ஞாபகம் இல்லை. மாமா அந்தச் சமயம் பார்த்து எங்களைக் கோழி அடைக்க அனுப்பியிருப்பார்.)

பைக் எதற்கும் மசியவில்லை. கடைசியில் விடுதலை கிடைக்கிறது. வைனா மட்டும் வரமாட்டேன் என்கிறாள். அப்போது அவள் மெய்யான உருவத்தைக் காட்டுகிறார்கள். நொறுங்கிய கப்பலில் குற்றுயிராகக் கிடைத்தவள். மனித உடம்பையே பார்த்தறியாத அந்த ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த மட்டும் அவளை ஒட்டிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள், எல்லாம் கோணலாக. வயசும் ஆகிவிட்டது. அந்த அழகு அவர்கள் போர்த்திய போர்வை. அதைப் போர்த்திக்கொண்டே இருந்துவிடுகிறேன் என்கிறாள். துணைக்கு பைக்கின் மாய உருவம் ஒன்றையும் கொடுக்கிறார்கள். இருவருமாகப் பாறைக்குள் போகிறார்கள்.

பதின்மூன்று வருஷம் கழித்து, அந்த பைக்தான், பயிற்சிப் பிள்ளைகளைக் காப்பாற்றப் போய்க் கதிர்வீச்சில் வெந்து, நாற்காலியில் வந்து நிற்கிறான். விளக்கு ஒரு முறை மின்னினால் ஆம். இரண்டு முறை மின்னினால் இல்லை. பொய் பேசாத இனம் என்று பெயரெடுத்த ஸ்பாக், பழைய தலைவனுக்காகப் பொய் சொல்லி, கப்பலையே கடத்தி, மரண தண்டனைக்கும் துணிந்து அவனை டாலோஸுக்குக் கொண்டுபோகிறான். முதலில் பைக் இல்லை, இல்லை என்றே மின்னுகிறான். தனக்காக இன்னொருவன் கெட வேண்டாம் என்று. எல்லாம் முடிந்து, உனக்கு அங்கே போக விருப்பமா என்று கேட்கிறபோது விளக்கு ஒரே ஒரு முறை மின்னுகிறது. அடுத்த காட்சியில் பைக் பழைய அழகோடு வைனாவின் பக்கத்தில் நிற்கிறான்.

இதில் ஒரு வேடிக்கை. இருவரும் பாறைக்குள் போகும் அந்தக் காட்சி 'கூண்டு' படத்தில் வந்த அதே துண்டு. அங்கே அந்த ஆண் மாய உருவம். இங்கே அவனே பைக். ஒரு சுருள், ஓர் இடத்தில் பொய், மற்றோர் இடத்தில் மெய்.

பைக் கடைசியில் தோற்றுவிட்டான் என்று சொல்கிறவர்கள் இருக்கலாம். வீரனாக மறுத்ததை நோயாளியாக ஏற்றான் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் அவன் மறுத்தது சுகத்தை அல்ல, கூண்டை. பிற்பாடு அவனைக் கேட்டார்கள். கேட்ட பிறகு ஆம் என்றான். எதை வாங்கிக்கொள்கிறோம் என்று தெரிந்து வாங்கிக்கொண்டான். வைனாவுக்கும் தன் சொந்த முகம் இன்னதென்று தெரியும். என் கதைகளைப் படிக்கிறவர்களும் இது நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டேதான் அழுகிறார்கள். அட்டையில் 'நாவல்' என்று போட்டிருக்கிறதே, அதுதான் பழையதா புதியதா என்று கேட்கிற பொத்தான். மாயையில் இருப்பது குற்றமில்லை. கதவை இழுக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதை மறைத்து ஒருவரை அதில் உட்கார வைப்பதுதான் குற்றம். இப்படி ஒரு முடிவுக்கு வந்து, என் தொழிலைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் இரண்டு நாள் இருந்தேன்.

எங்கள் ஊர்க்காரி ஒருத்தி இதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். புனிதவதியின் கதை உங்களுக்குத் தெரியும். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்கு இட்டுவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தவன் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதையும் கேட்டான். உள்ளே போய் இறைவனை நினைத்தாள். கையில் ஒரு கனி வந்தது. கொண்டுவந்து இட்டாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கனி இலையில் இருக்கிறது, கணவன் தின்கிறான், குடும்பம் நடக்கிறது. ஆனால் அவன், இதன் ருசி வேறாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்று கேட்டுவிட்டான். சொல்லலாமா கூடாதா என்று அவள் தவித்ததைச் சேக்கிழார் விட்டுவிடவில்லை. சொல்லிவிட்டாள். அவன் நம்பாமல், இன்னொன்று வரவழை என்றான். வந்தது, அவன் கைக்குப் போய் மறைந்தது. அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கப்பலேறிப் போனவன் திரும்பி வரவில்லை. பாண்டிநாட்டில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, பெண்ணுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்து, இவளைக் கண்டபோது காலில் விழுந்தான். அவள், இவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று உதறிவிட்டுப் பேயுருவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வைனா மெய்யான கோரத்தை மறைத்துப் பொய்யான அழகைக் கேட்டாள். அம்மையார் மெய்யான அழகைக் கொடுத்துவிட்டுக் கோரத்தைக் கேட்டார். சின்ன வயசிலிருந்து மாங்கனித் திருவிழா பார்க்கிறேன்; கனியைப் பிடிப்பதில் இருந்த கவனம் இந்தக் கதையில் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னதால் அந்த வீடு போய்விட்டது என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. உண்மை சொல்கிறவள் அதற்கு உரிய விலையைத் தானே கொடுத்தாள் என்பதும் உறைத்தது. நான் அத்தையிடம் உண்மையைச் சொன்னபோது விலை கொடுத்தது நான் அல்ல.

இரண்டு தடவை சொன்னேன். அத்தான் போன மறு நாள் முதல் தடவை. அத்தை தரையில் விழுந்து புரண்டாள். வீடே அவளோடு அழுதது. மறு நாள் காலையில் எழுந்து, பல் விளக்கிவிட்டு, "அவன் எப்படா வர்றான்?" என்று கேட்டாள். என் மனைவிதான் சொல்லத் துணிந்தவள், நான் தடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்டபோது, மறைப்பது பாவம் என்று எனக்கே தோன்றி, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அதே அழுகை. முதல் நாள் அழுகை. ஏழாம் நாள் அழுகை அல்ல. நடுவில் நிறுத்தி, "நல்ல வாயிலே இப்படி வருதே ஒனக்கு" என்று என் கன்னத்தில் அறைந்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது, "ஆனியிலே வர்றார் அத்தை, மாங்கனித் திருவிழாவுக்கு" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து அதுவே பதில். ஆனி வந்து போகும். அடுத்த ஆனி இருக்கிறது. வைத்தியரைக் கேட்டேன். இந்த நோயில் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள், அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள் என்றார்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் ஓர் ஆசனம் போட்டுக் கொடுத்தவர் வள்ளுவர். எனக்கு அவரிடம் சண்டையில்லை. நன்மை யாருக்கு என்பதில்தான் சந்தேகம். ஆனியில் வருகிறார் என்று சொல்கிற சாயங்காலங்களில் எனக்கு நிம்மதியாக எழுத முடிகிறது. சொல்லாத சாயங்காலங்களில் முடிவதில்லை. அந்தப் பொய்யில் சரிபாதி எனக்காகச் சொல்வது. பைக்கைக் கேட்டார்கள், விளக்கு மின்னிற்று. அத்தையை யார் கேட்டோம்? புத்தி தெளிவாக இருந்த காலத்தில், 'உனக்கு இப்படி ஒரு நாள் வந்தால் என்ன சொல்லட்டும்?' என்று கேட்டு வைத்திருக்கலாம். அப்படி யாராவது யாரையாவது கேட்கிறோமா?

மாமா சொன்னதும் பொய்தான். கதவுக்குப் பின்னால் அவர் நிற்பது எங்களுக்கும் தெரியாது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் கழித்துத் தட்டைப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பேசாமல் இருந்த அந்தச் சில நிமிஷங்கள்தான் புரிந்தன. இந்தோசீனாவில் அவர் எத்தனை வெந்த முகம் பார்த்தாரோ. அத்தானுக்கும் கோபம் வந்திருக்காது. 'திருநள்ளாறு' என்று எழுதுகிறவனுக்குக் கோபம் ஏது? தெரிந்த பிறகு மன்னிக்க முடிகிற பொய் என்று ஒன்று உண்டு போலிருக்கிறது. ஆனால் தெரிந்துகொள்ள ஒரு 'பிறகு' வேண்டுமே. அத்தைக்கு அது இல்லை.

இந்தக் கதையைப் பார்த்த இரவு அத்தையும் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாஷை புரியாது; வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்காலிக்காரனைக் கண்டதும், "இவனுக்கு என்னடா?" என்றாள்.

"வெந்து போயிட்டான் அத்தை. பேச முடியாது."

"அடப் பாவமே."

கொஞ்ச நேரம் கழித்து அவன் நிமிர்ந்து நின்றான். "எழுந்துட்டானே!" என்று கையைத் தட்டினாள்.

"நிஜமா எழுந்திருக்கலே. அப்படி அவனுக்குத் தோண வைக்கிறாங்க."

அத்தை யோசித்தாள். "அது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ சரி" என்றாள்.

எனக்கு வாயடைத்துவிட்டது. நான் ஒரு மாதம் கூடுதல் தட்டுகளைப் போட்டுப் போட்டுக் கண்டுபிடித்ததை அவள் மூன்று வார்த்தையில் கேட்டு, இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாள். அவள் பக்கம் திரும்பி, இப்போது சொல்லிவிடலாம், இவளுக்குத் தெரிய வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் பார்வை மாறிவிட்டது. "அவன் எப்படா வர்றான்?" என்றாள்.

"ஆனியிலே" என்றேன். அன்றிரவுதான் என் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

ஆனிப் பௌர்ணமிக்கு அத்தையை அழைத்துப் போனோம். பிட்சாடனர் வீதி வந்தார். பாரதியார் வீதியில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் அவளை உட்கார வைத்தோம். மொட்டை மாடிகளிலிருந்து கூடை கூடையாக மாம்பழம் இறைத்தார்கள். பிடிக்கிறவர்களின் கூச்சல், நசுங்கிய பழத்தின் வாசனை, தலைக்கு மேல் நூறு கைகள். ஒரு பழம் நேராக அத்தையின் மடியில் விழுந்தது. என் மனைவி முந்தானையை ஏந்தி இன்னொன்றைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் அத்தை இரண்டையும் கழுவி, சுவாமி படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்தாள். "ஒண்ணு நமக்கு. ஒண்ணு அவனுக்கு. வந்ததும் கேப்பான்" என்றாள்.

நாலாம் நாள் காலையில் ஒரு பழத்தில் காம்பைச் சுற்றிக் கறுத்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் வந்து அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி எடுத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது அலமாரியில் இரண்டு பழம் இருந்தன. ஒன்று கொஞ்சம் பெரியது. காம்பில் பால்கூடக் காயவில்லை. நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன். என் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

அத்தை மெள்ள எழுந்து போய் அந்தப் புதுப் பழத்தை எடுத்தாள். மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தாள்.

"இது வேறே வாசனை அடிக்குதே" என்றாள்.

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.